தகரத் துண்டிலிருந்து தரவுத்தளம் வரை

தரவுத்தளம் என்பது வெறும் பெட்டி, அதில் அரசியல் கிடையாது என்று கணினித் துறையினர் சொல்வது வழக்கமாகிவிட்டது. எந்த விபரத்தை எந்தக் கட்டத்தில் போடுவது, எதைச் சாவியாகக் கொள்வது, எதை வெறுமையாக விடலாம் என்பவையெல்லாம் பொறியியலாளர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுட்பப் பிரச்சினைகளாம். பத்திரிகைக்காரர்களுக்கும் தொழிற்சங்கக்காரர்களுக்கும் அங்கே என்ன வேலை என்று கேட்கிறார்கள். டிஜிட்டல் தேசிய அடையாள அட்டை குறித்து இலங்கை அரசாங்கம் பேசிவரும் இந்நாட்களில் இக்கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பதிலைக் கொழும்பில் தேடப் போவதில்லை. பதுளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும், அதாவது ஊவாவின் தோட்டங்களிலே தேடுகிறேன். பிழையான கட்டத்தில் எழுதப்பட்டால் மனிதருக்கு என்ன நேரும் என்பதை நூறாண்டுக்கும் மேலாகத் தம் உடம்பிலே அறிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

முதலில், கணினி அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். தரவுத்தளம் என்பது அட்டவணைகளின் தொகுதி. அட்டவணையில் கிடையாக ஓடுவது நிரை, செங்குத்தாக நிற்பது நிரல். ஓர் ஆளுக்கு ஒரு நிரை; பெயர், பிறந்த திகதி, முகவரி என்று ஒவ்வொரு விபரத்துக்கும் ஒரு நிரல். ஒரு நிரையை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் இலக்கத்துக்கு முதன்மைச் சாவி என்று பெயர். ஒரு நிரை தன் அட்டவணைக்கு வெளியே உள்ள வேறொன்றைச் சுட்டுமானால், அப்படிச் சுட்டும் இலக்கத்தை அந்நியச் சாவி என்பார்கள். பெயரைக் கவனியுங்கள்: அந்நியச் சாவி. மலையகத் தமிழரின் கதையை இரண்டு சொற்களில் சொல்வதென்றால் இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியாது.

இத்தகைய அட்டவணைகளுக்கான கோட்பாட்டை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அன்று தொடங்கிய சண்டைகள் இன்றும் ஓயவில்லை. அவற்றுள் ஒன்று சாவி பற்றியது. ஓர் ஆளைப் பற்றிய செய்தியையே சாவிக்குள் பொதிந்து வைக்கலாம், பார்த்தவுடன் விளங்கும் என்கிறது ஒரு தரப்பு. செய்தி மாறக்கூடியது, சாவி மாறக்கூடாதது, ஆகவே சாவி பொருளற்ற இலக்கமாகவே இருக்க வேண்டும் என்கிறது மறுதரப்பு. இன்னொரு சண்டை வெற்றிடம் பற்றியது. வெறுமையாக விடப்பட்ட கட்டத்துக்கு என்ன பொருள்? தெரியவில்லை என்பதா, பொருந்தாது என்பதா? இந்த இரண்டையும் வேறு வேறு குறிகளால் பிரித்துக் காட்ட வேண்டும் என்று காட் பிற்காலத்தில் எழுதினார். அவரோடு நெருங்கிப் பணியாற்றிய கிறிஸ் டேட் என்பவரோ வெற்றிடமே கூடாது என்று வாதாடிவந்தார். இவை வகுப்பறைச் சண்டைகள் என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்திருந்து வாசிக்கட்டும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளியின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு கட்டப்பட்டது. ‘டின் டிக்கட்’ என்று அதற்குப் பெயர். அதிலே எழுத்தும் இலக்கமுமாக அவர் செல்லவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறிக்கப்பட்டிருந்தது. அந்தத் துண்டைப் பார்த்து அவரை வழியனுப்பினார்கள். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கிலே பதிவாயிற்று. கணினி மொழியில் சொன்னால் இது பொருள் பொதிந்த சாவி. அந்தச் சாவி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நீ யாருடையவன்? நீ யார் என்று அது கேட்கவில்லை.

அதற்கும் முந்திய ‘துண்டு’ முறை இன்னும் கொடியது. ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடன் முழுவதையும் கட்டித் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் கடதாசி அது. அந்தப் பதிவேட்டில் நிரை என்பது ஆள் அல்ல, கடன். ஆட்கள் அந்தக் கடனின் விபரங்கள் மாத்திரமே. 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும் அதன் மனப்பாங்கு ஒழியவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு நாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ விழும். நிர்ணயித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு ‘அரைப்பேர்’. பெயர் என்பது அழைப்பதற்குரியது என்றே உலகம் கருதியிருக்க, தோட்டத்தில் அது கூலியின் அளவாயிற்று. பாதிக் கூலி பெற்றவர் பாதிப் பெயரோடு லயத்துக்குத் திரும்பினார்.

பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1958ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளிக்கு முதுமையில் கிடைக்கும் முக்கியச் சேமிப்பு அது. அதன் அங்கத்துவ இலக்கமும் தொழில்தருநரின் இலக்கத்தோடு சேர்த்தே எழுதப்பட்டது. தோட்டம் மாறினால் இலக்கம் மாறும். தொழிலாளி மாறாவிட்டாலும் தோட்டத்தின் உடைமை மாறிக்கொண்டே இருந்தது. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ்த் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதே மலை, அதே லயம், அதே பெண், அதே கொழுந்துக் கூடை. ஆனால் தாள்களிலே மூன்று முதலாளிகளின் கீழ் மூன்று ஆட்கள். ஒரே மனுஷியின் சேமிப்பைத் தேடி மூன்று கோப்புகளைப் புரட்ட வேண்டியிருந்தால் அது அவருடைய குற்றமா, சாவியை வடித்தவரின் குற்றமா?

நிற்க. நாடு சுதந்திரம் பெற்ற பின்னர் வந்த சாவியைப் பார்ப்போம்.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. பதுளை அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் வந்தன. வாக்களித்த மக்கள் வாக்கற்றவர்களானார்கள். 1952இல் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையொப்பமான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று மக்களைப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. எந்த ஒப்பந்தத்திலும் ஒரு பெயர் கிடையாது. கூட்டுத்தொகை மட்டுமே இருந்தது. கூட்டுத்தொகையை முதலில் எழுதிவிட்டு, அதற்கேற்றபடி நிரைகளை நிரப்பிய விந்தையை வேறெங்கும் காண்பது அரிது.

இந்தப் பின்னணியில்தான் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ், 1970களிலிருந்து தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதன் பழைய இலக்கத்தை அறியாத இலங்கையர் இல்லை. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண்ணாயின் அதோடு ஐந்நூறைக் கூட்டினார்கள். பிறகு தொடரிலக்கமும் சரிபார்ப்பு இலக்கமும். கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து. வாக்குரிமை உள்ளவருக்கு ‘வீ’. இல்லாதவருக்கு ‘எக்ஸ்’.

பொருள் பொதிந்த சாவிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? வங்கியில் கணக்குத் திறக்கும்போதும், பொலிஸ் தடைமுகாமில் பஸ்சிலிருந்து இறக்கப்படும்போதும் அந்த இலக்கத்தைத்தான் காட்ட வேண்டும். குடியுரிமை என்பது மாறக்கூடிய நிலை என்பதை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளில் பாராளுமன்றமே சட்டமியற்றி ஒப்புக்கொண்டது. குறிப்பாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் குடியுரிமை அளித்தது. மாறக்கூடிய ஒன்றை மாறாத இலக்கத்தின் வாலில் கட்டியது யார்? அது வெறும் நுட்பத் தீர்மானமா? வடிவமைத்தவருக்கு அது ஓர் எழுத்து. சுமந்தவருக்கு அது தழும்பு.

2016இல் பன்னிரண்டு இலக்கங்கள் கொண்ட புதிய முறை வந்தபோது அந்த எழுத்து மறைந்தது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதியது போதாமற் போனதால் நான்காக விரித்தார்கள், எழுத்தும் போயிற்று. அதற்காக யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. இலக்கத்தின் பழுதைத் திருத்தியவர்கள் எழுத்தின் பழுதைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்தது இனக்கட்டம். 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வரை தமிழர் என்று ஒரே கட்டம்தான் இருந்தது. 1911இல் அதை இரண்டாகப் பிளந்து, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று எழுதினார்கள். இரு பிரிவினரும் அப்போது ஐந்து இலட்சத்து முப்பதாயிரம் அளவில் ஏறத்தாழச் சமமாக இருந்தனர். 1971இல் இந்தியத் தமிழர் 11 இலட்சத்து 74 ஆயிரம் பேர். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம் பேர். 2012இல் 8 இலட்சத்து 39 ஆயிரம் பேர். அவர்களுள் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் பதுளை மாவட்டத்தவர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கட்டத்தின் பெயரோடு ‘மலையகத் தமிழர்’ என்பதும் சேர்ந்தது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் தொகையோ சுமார் 6 இலட்சமாகக் குறைந்துவிட்டது.

1971க்குப் பின்னரான வீழ்ச்சிக்குக் கப்பலேறிச் சென்றவர்கள் பெருங்காரணம். 2012க்குப் பின் அப்படியொரு கப்பல் ஓடவில்லை. அதே காலத்தில் இலங்கைத் தமிழர் என்று பதிந்தோர் தொகை 22 இலட்சத்து 69 ஆயிரத்திலிருந்து சுமார் 26 இலட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. நாட்டின் மொத்தச் சனத்தொகை அந்த வேகத்தில் வளரவில்லை. ஆகவே கணிசமானோர் இடம்பெயரவில்லை, கட்டம் பெயர்ந்தார்கள் என்று கொள்வதே பொருத்தம். இதை வைத்துக்கொண்டு மலையக அரசியல்வாதிகள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுகிறார்கள். ‘நம் தொகை குறைந்தால் பிரதிநிதித்துவம் குறையும், ஒதுக்கீடு குறையும்’ என்கிறது ஒரு சாரார். ‘இரு நூற்றாண்டுகள் இந்த மண்ணில் வாழ்ந்தவனை இந்தியன் என்று எழுதச் சொல்வது அவமானம்’ என்கிறது மறுசாரார்.

இரு சாராரும் நியாயத்தையே பேசுகிறார்கள். அவர்களை மோதவிட்டது அந்தக் கட்டம். ஒரு நிரலில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும் என்பது அட்டவணை அமைப்பின் அரிச்சுவடி. ‘இந்தியத் தமிழர்’ என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் எத்தனை செய்திகளைத் திணித்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாட்டன் எங்கிருந்து வந்தான் என்பது ஒன்று. இன்று எங்கே, எந்த நிலையில் வாழ்கிறார் என்பது மற்றொன்று. தன்னை எவராகக் கருதுகிறார் என்பது வேறொன்று. பதுளை நகரில் கடை வைத்திருப்பவரின் மகளும், நமுனுகுலை மலையில் கொழுந்து பறிப்பவரின் மகளும் ஒரே பாட்டனின் வழிவந்தவர்களாக இருக்கலாம், தேவைகள் ஒன்றல்ல. வம்சாவளி, சுய அடையாளம், வாழிடம் ஆகிய மூன்றையும் மூன்று நிரல்களாகக் கேட்டிருந்தால் எவரும் மானத்தையோ பங்கையோ விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட இன அடையாளங்களைத் தெரிவுசெய்ய அமெரிக்கக் கணக்கெடுப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து இடமளிக்கிறது. வானம் இடிந்து விழவில்லை.

இனி முகவரிக்கு வருவோம். வெற்றிடச் சண்டைக்கு ஊவாவில் இரத்தமும் சதையுமான பொருள் உண்டு.

தோட்டத்து லயத்தில் ஒரு காம்பராவில் வாழும் குடும்பத்துக்குத் தனி முகவரி கிடையாது என்பதே நெடுங்கால நிலை. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ஊரின் பெயர் எழுதினால் முகவரி முடிந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. கடிதம் தோட்டத்து அலுவலகம் வரை வரும். அதற்கப்பால் அதன் விதி. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதைகளை மலையகத்தில் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். தோட்டம் அரசின் பார்வையில் ஊராகவே கருதப்படவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. கணக்கெடுப்பில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகள். இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும் பத்துக்குக் குறையாத வதிவிடத் தொழிலாளரும் இருந்தால் அது தோட்டம். அங்கேயும் மனிதர்கள் ஏக்கர்களுக்குப் பின்னால்தான் எண்ணப்பட்டார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மண்மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தின் ஆபத்தை எச்சரித்திருந்தது. ஆக, ஆபத்துப் பற்றிய தரவு இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தோர் பற்றிய தரவும் செக்ரோலில் இருந்தது. எந்த ஆபத்துக்குள் எந்தக் காம்பரா, அந்தக் காம்பராவுக்குள் எந்தக் குழந்தை, எந்த முதியவர் என்று இரண்டையும் இணைக்கும் சாவி எங்கே இருந்தது? அனர்த்தத்துக்குப் பின் முதல் நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை என்றார்கள். பின்னர் இறந்தோரும் காணாமற்போனோருமாக நாற்பதுக்குக் குறைவான தொகையைச் சொன்னார்கள். தொகை குறைந்ததில் மகிழ்ச்சியே. ஆனால் ஒரு மலையடிவாரத்தில் அன்று எத்தனை பேர் உறங்கி எழுந்தார்கள் என்பதை நாட்கணக்கில் சொல்ல முடியாத நாடு, அவர்களை எப்படிக் கணக்கில் வைத்திருந்தது?

நிலச்சரிவைத் தரவுத்தளம் தடுக்காது. மாற்றுக் காணி கொடுக்காத கொள்கைதான் அந்த மக்களை அங்கே இருத்திவைத்தது என்பதை மறைத்துவிட்டு, பழியை அட்டவணையின் மேல் போட நான் வரவில்லை. ஆனால் காணி கொடுக்க மறுத்த அதே மனம்தான் முகவரியையும் மறுத்தது. காணியில்லாதவனுக்கு முகவரி எதற்கு என்று அது நினைத்தது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்றாக இருந்தது. பதினொரு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டாவது பாடம் இது. நிவாரணப் படிவத்தில் ‘வீட்டு உரிமையாளர்’ என்று ஒரு நிரல் இருந்தால், தலைமுறைகளாகக் காம்பராவில் வாழ்ந்தும் அதன் உரிமையாளராகாத பெண் அதில் என்ன எழுதுவார்? வெறுமையாக விட்டால் ‘விபரம் முழுமையில்லை’ என்று கணினி திருப்பி அனுப்பும். அங்கே விபரம் குறையவில்லை, கேள்விதான் பொருந்தவில்லை. தெரியவில்லை என்பதையும் பொருந்தாது என்பதையும் பிரிக்க வேண்டும் என்று காட் சொன்னதன் உயிர்ப்பொருள் இதுவே.

பெயரின் கதையும் இதுபோன்றதுதான். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்களை வைத்தவர் தமிழரை நினைத்து வைக்கவில்லை. நமக்குத் தலையெழுத்து உண்டு, குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தைக் குடும்பப்பெயராக்கினால் அண்ணனும் தம்பி மகனும் வெவ்வேறு குடும்பத்தவராவார்கள். மணமான பெண்ணின் தலையெழுத்து மாறினால் ஆளே மாறிவிடுவார். இதற்குமேல், தமிழ் தெரியாத பதிவாளர் சிங்கள எழுத்தில் எழுதிய பெயர்கள். சிங்களத்தில் ழகரம் இல்லை. ற, ர வேறுபாடு இல்லை. பழனியம்மாள் சிங்களத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது பளனியம்மாளாகவோ பலனியம்மாவாகவோ வருவார். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், சேமலாப நிதிக் கோப்பில் ஒரு பெயர். மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்கச் சத்தியக் கடதாசி, அதற்கு ஒரு நாள் கூலி, பஸ் காசு. அரைப்பேருக்கு உழைத்தவர் முழுப்பெயருக்கு அலைகிறார்.

இப்போது மறுதரப்பின் வாதங்களுக்கு வருகிறேன்.

‘முதலில் எளிமையாகத் தொடங்குவோம், குறைகளைப் பிறகு திருத்தலாம்’ என்பது முதல் வாதம். கணினியில் நிரலொன்றைப் பிறகு சேர்ப்பது எளிது என்பது உண்மையே. சேர்த்த நிரலை நிரப்புவது யார்? மறுபடியும் அந்தப் பெண்தான் மலையிறங்கி வரவேண்டும். 1911இல் பிளந்த கட்டத்தோடு ‘மலையகத் தமிழர்’ என்ற சொல் சேர்வதற்கு நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் எடுத்தன. 1948இல் எழுதிய பிழையைத் திருத்த 2003 வரை ஐம்பத்தைந்து ஆண்டுகள். ‘பிறகு’ என்ற சொல்லுக்கு மலையகத்தில் என்ன நீளம் என்பதை அந்த மக்களிடம் கேளுங்கள்.

‘இனத்தைக் கேட்பதே ஆபத்து, அந்த நிரலையே நீக்கிவிடுவோம்’ என்பது இரண்டாவது வாதம். இதை எளிதாக ஒதுக்க என்னால் முடியாது. 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தமிழரைத் தேடிய கும்பல்களைக் கண்டவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். அதே மாதத்தில் பதுளை நகரும் எரிந்தது. பட்டியல் ஆயுதமாகும் என்பதை நமக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் தீர்வு எண்ணாமல் விடுவதல்ல. எண்ணாமல் விடப்பட்டவர்களுக்குப் பாடசாலையும் வராது, வைத்தியசாலையும் வராது. இனம் கணக்கெடுப்பில் இருக்கட்டும். அங்கே தொகையாக மட்டும் வெளிவரட்டும். ஆளை இனங்காட்டும் அடையாளத் தரவுத்தளத்தில் அது எந்த வடிவிலும் இருக்கக்கூடாது. இரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் சாவி வடிக்கப்படவே கூடாது. மீரியபெத்தையில் சாவி இல்லாதது குற்றம். இங்கே சாவி இருப்பது குற்றம். எதை எதோடு இணைப்பது, எதை இணைக்காமல் விடுவது என்பதே தரவுத்தள வடிவமைப்பின் மையக் கேள்வி. அதைவிட அரசியலான கேள்வி எது?

‘இந்தியாவின் ஆதார் இருக்கிறதே, அதைப் பார்த்துச் செய்துவிடுவோம்’ என்பது மூன்றாவது. இலங்கையின் டிஜிட்டல் அடையாளத் திட்டம் இந்திய நிதியுதவியுடன் முன்னெடுக்கப்படுவது என்பதால் இதற்கு வலு அதிகம். ஆதார் இலக்கம் பன்னிரண்டு இலக்கங்களைக் கொண்ட பொருளற்ற எண். ஆண்டோ பாலோ ஊரோ அதற்குள் இல்லை. இந்த ஒன்றில் அதைத் தயங்காமல் பின்பற்றலாம். ஆனால் உடலுழைப்பாளரின் தேய்ந்த விரல்ரேகையை இயந்திரம் ஏற்க மறுத்ததும் அந்தத் திட்டத்தின் அனுபவமே. நாள் முழுவதும் கொழுந்து கிள்ளிக் கறுத்த விரல்களை ஊவாவில் எந்த இயந்திரத்தின் முன் நீட்டச் சொல்லப் போகிறோம்? அது மறுத்தால் மாற்று வழி என்ன? இதற்கு விடை எழுதாத வடிவமைப்பு முழுமையானதல்ல.

ஆகவே என் கோரிக்கைகள் இவை. அடையாள இலக்கம் பொருளற்றதாக இருக்கட்டும். பெயர் ஒரே நிரலில், உரியவர் எழுதும் மொழியில் மூலமாகப் பதியப்படட்டும். மற்ற எழுத்துவடிவங்கள் அதன் பெயர்ப்புகளாக மட்டும் இருக்கட்டும். ஒவ்வொரு லயத்துக்கும் ஒவ்வொரு காம்பராவுக்கும் தனி இலக்கம் வழங்கப்படட்டும். வாழ்பவர் வேறு, உரிமையாளர் வேறு என்பதை அட்டவணை அறியட்டும். பொருந்தாத கேள்விக்குப் ‘பொருந்தாது’ என்று எழுதவும், அதனால் விண்ணப்பம் தள்ளப்படாதிருக்கவும் வழி இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தரவையும் நிரப்புவதற்கு முன்னரே, அட்டவணைகளின் வரைவு மூன்று மொழிகளிலும் வெளியிடப்படட்டும். சட்டமூலத்தை வர்த்தமானியில் வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்கும் நாடு, சட்டத்தைவிட நெருக்கமாக மனிதரைத் தொடும் அட்டவணையை மூடிய அறையில் வரைவது எந்த நியாயம்?

பொறியியலாளர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் பலர் மலையகத்திலிருந்தே கல்வியால் எழுந்து வந்த பிள்ளைகள். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்பேன். சாவியை வடிக்கும்போது அது என்ன கேள்வியைக் கேட்கிறது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தகரத் துண்டு ‘நீ யாருடையவன்?’ என்று கேட்டது. ‘எக்ஸ்’ என்ற எழுத்து ‘உனக்கு இங்கே என்ன உரிமை?’ என்று கேட்டது. அடுத்து வரும் இலக்கமாவது எதுவும் கேட்காமல் இருக்கட்டும்.